ஆமாங்க, நான் ஃபாரஸ்டர் இல்ல

வெள்ளியங்கிரி மலைல நான் குப்பை பொறுக்குறப்ப ஒரு தம்பி என்னைய ஏசுற அந்த 48 விநாடி வீடியோவ இதுவரைக்கும் பதினாறு பேர் எனக்கு அனுப்பிட்டீங்க. போதுங்க. அதுல முதுகு காட்டிட்டு உரச்சாக்கோட நிக்கிறது நானேதான்.

தண்ணி பாட்டில அங்கயே விட்டுட்டுக் கெளம்புன அந்தத் தம்பிகிட்ட "பாட்டில எடுத்துட்டுப் போ கண்ணு"ன்னுதான் சொன்னேன். வீடியோல அது இல்ல, அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. "நீ என்ன ஃபாரஸ்டரா? பொறுக்கத்தான வந்திருக்க, பொறுக்கு"ன்னாப்ல தம்பி. சின்னப் பையன், அது போகட்டும். அதுக்குக் கீழ எனக்குத் தெரிஞ்சவங்க நாலு பேர் சிரிப்பு எமோஜி போட்டிருந்தீங்க பாருங்க, அதுதான் மூணு நாளா தூங்க விடல.

ஆமாங்க, நான் ஃபாரஸ்டர் இல்ல, வனத்துறை ஆளே இல்ல. கோயமுத்தூர் கணபதில சின்னதா லேத் பட்டறை வச்சிருக்கேன். பிப்ரவரில இருந்து மே வரைக்கும் ஏழு மலை தாண்டிச் சிவனக் கும்பிட வெள்ளியங்கிரி ஏற விடுவாங்கல்ல, அந்த நாலு மாசமும் வனச்சரகத்துல அனுமதி வாங்கிட்டு குப்பை எறக்குற எங்க குழு ஞாயித்துக்கிழமை மேல போகும். அபராதம் போட எனக்கு அதிகாரம் இல்ல. கீழ போடாதன்னு சொல்றதுக்கு எதுக்குங்க அதிகாரம்?

பட்டறைக்காரன் புத்தி, எதையும் எடை போட்டுப் பாக்கும். தண்ணியோட பாட்டில் ஒரு கிலோ. குடிச்சு முடிச்சா இருபது, இருபத்தஞ்சு கிராம். வழுக்குப்பாறை வரைக்கும் ஒரு கிலோவத் தூக்கிட்டு வந்த தோளுக்கு, எறங்கையில இருபது கிராம் கனக்குதா?

வேட்டி கதை வேற. ஆறாவது மலைல இருக்குற ஆண்டிச் சுனைல குளிச்சுட்டு ஈர வேட்டிய அங்கயே பாறை மேல விட்டுட்டுப் போறாங்க. ஏனுங்கன்னு ஒருத்தர்கிட்டக் கேட்டேன். "பாவத்த விட்டுட்டுப் போறேன் சாமி"ன்னாரு. ரொம்ப சந்தோசம். ஈர வேட்டி ஒரு கிலோவுக்கு மேல வரும். உங்க பாவத்த ஆறாவது மலைல இருந்து கீழ வெள்ளைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் தோள்ல போட்டு எறக்குறவன் நான். எனக்கு எந்தச் சுனைங்க?

உடனே வருவீங்க: "வனத்துறைக்குச் சம்பளம் எதுக்கு?" அடிவாரத்துல பையத் தொறந்து பாக்குறாங்க. பிஸ்கட்ட உறைல இருந்து கொட்டிக் காயிதத்துல கட்டித் தர்றாங்க. தண்ணி பாட்டிலுக்கு இருபது ரூபா வாங்கிட்டு ஸ்டிக்கர் ஒட்டி, திருப்பிக் கொண்டு வந்தா காசக் குடுக்குறாங்க. ஈரத் துண்டுக்குள்ள பான்பராக் பொட்டலத்தச் சுத்தி மறைக்கிற ஆளுக்கு இன்னும் என்னதான் பண்ணணும்? ராத்திரி பூரா ஏறுற ஆயிரம் பேருக்குப் பின்னாடி ஆயிரம் ஃபாரஸ்ட் கார்டு நடக்கணுமா? போட்டவன்தான் எடுக்கணும், அவ்ளோதான்.

"மேல கடை போட்டிருக்கவங்களக் கேட்டியா?" நல்ல கேள்வி. அத இன்னொரு நாள் பேசுறேன்.

"போட்டோவுக்குத்தான இதெல்லாம்?" இத எழுதுன அண்ணன் எங்க வீட்டுக் கல்யாணத்துல சாப்பிட்டவரு. அண்ணா, புது டீசர்ட்டும் பேனருமா வந்து, முதல் மலைல படம் எடுத்துட்டு, பேனரையும் அங்கயே விட்டுட்டுப் போன கூட்டம் இருக்கு. அந்த பேனரயும் நாங்கதான் எறக்குனோம். அதுக்குப் போட்டோ எடுக்கல, தப்புதான். எம் பொண்ண அந்த மலைல ஏற விட மாட்டாங்க, பத்து வயசுக்கு மேல அம்பதுக்குள்ள பொம்பளைங்க போகக் கூடாது. அது சரியா தப்பாங்குற சண்டை எங்க வீட்டுலயே தீரல. ஆனா அவ காலைல வந்து அடிவாரத்துப் பூண்டி கோயில் பக்கத்துல நின்னு, எறங்குற சாக்க எண்ணி நோட்டுல எழுதுவா. அவ மொகம் ஒரு படத்துலயாவது பாத்திருக்கீங்களா?

"பக்திய கேவலப்படுத்துற"வும் வந்துருச்சு. நானும் திருநீறு பூசுறவன்தாங்க. நொய்யல் அந்த மலைல பொறக்குது. நீங்க சாமின்னு கும்பிட்டுட்டு வந்த மலைக்குத்தான் நான் சாக்கெடுத்துட்டுப் போறேன்.

2025 மே மாசம் மருதமலை அடிவாரத்துல ஒரு பொட்ட யானை செத்துச்சே, ஞாபகம் இருக்கா? வைத்தியம் பாத்தும் எந்திரிக்கல. அறுத்துப் பாத்தா வயித்துல பிளாஸ்டிக், கூடவே குட்டி. அது குப்பைமேட்டுல தின்னது, வெள்ளியங்கிரில இல்லன்னு திருத்த வருவீங்க, தெரியும். யானைக்கு அந்த வெவரம் தெரியாதுல்லங்க. லட்டு வாசம் அடிக்கிற கவர் எங்க கெடந்தா என்ன? அன்னைக்கு அழுவுற எமோஜி போட்டதும் நீங்கதான்.

முட்டி வலிக்குது. இந்த ஞாயிறு போக வேண்டாம்னு வீட்டுல சொல்றாங்க, வலிக்காக இல்ல, வீடியோவுக்காக. போவேன்.

தம்பி, நீ விட்டுட்டுப் போன பாட்டில் பட்டறை மேசைல இருக்கு. ஸ்டிக்கர் கிழியல. உன்னோட இருபது ரூபா அப்படியே இருக்கு, வந்து வாங்கிக்க. டீ நான் சொல்றேன்.