சார் கோர்ட்ல இருக்காரு

போன வெள்ளிக்கிழமை ராத்திரி மச்சான் லேப்டாப்பில் ஒரு பழைய படம் போட்டான். ‘தி வெர்டிக்ட்’, 1982-ல் வந்தது, சிட்னி லூமெட் இயக்கியது. பால் நியூமன்தான் வக்கீல். “கோர்ட்டுக்கு அலையுறவன் நீ, உனக்குப் பிடிக்கும் மாப்ள” என்றான். பிடிப்பதாவது, ரத்தக்கொதிப்பு ஏறியதுதான் மிச்சம்.

கதை இதுதான். பாஸ்டனில் ஃபிராங்க் கால்வின் என்று ஒரு வக்கீல். எந்நேரமும் குடி. துக்க வீட்டில் நுழைந்து விசிட்டிங் கார்டு நீட்டுகிற அளவுக்குப் பிழைப்பு இறங்கிப்போன ஆள். பிரசவத்துக்குப் போன ஒரு பெண், மயக்கமருந்து கொடுத்ததில் நடந்த தவறால் நினைவே திரும்பாமல் கிடக்கிறாள். அந்தக் கேஸ் இவரிடம். விசாரணை நெருங்கிவிட்டது, இவர் ஒரு வேலையும் பார்க்கவில்லை. நண்பர் வந்து உலுக்கிய பிறகுதான் எழுந்திருக்கிறார். அப்புறம் மனம் மாறி, பெரிய வக்கீல் பட்டாளத்தை எதிர்த்து ஜெயிக்கிறார். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அந்த வக்கீல் எனக்கும் இருக்கிறார். மனம் மாறுகிற சீன்தான் நாலு வருடமாக வரவில்லை.

எங்களுக்குப் புதுமடம் பக்கம். தாத்தா வைத்த தென்னந்தோப்பில் பன்னிரண்டு சென்ட். ஒரு கச்சான் காற்றில் வேலி சாய்ந்தது, அதுதான் சாக்கென்று பக்கத்துத் தோப்புக்காரர் அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அதற்குத்தான் கேஸ். சாட்சி என் தாய்மாமா, நாட்டுப்படகுக்காரர். அவர் கோர்ட்டுக்கு வந்தால் அன்றைக்குப் படகு கிளம்பாது, கூட வருகிற மூன்று பேருக்கும் பங்கு இல்லை. வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் மஞ்சப்பையில் கொண்டுவந்து, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கித்தான் மாற்றிக்கொள்வார். பஸ்ஸிலேயே போட்டுவந்தால் மீன் வாடை பிடித்துக்கொள்ளுமாம், ஜட்ஜ் முன்னால் மரியாதையாக இருக்காதாம். வேப்பமரத்தடியில் காத்துக் கிடப்போம். டவாலி பெயரைக் கூப்பிட்டதும் மாமா ஓடிப்போய்க் கைகட்டி நிற்பார். எங்கள் வக்கீல் மட்டும் இருக்கமாட்டார். ஒரு ஜூனியர் தம்பி எழுந்து ஏதோ முணுமுணுப்பார். வாய்தா. மாமா சட்டையைக் கழற்றி அதே மடிப்பில் மறுபடி பைக்குள் வைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். எனக்கு அதைப் பார்க்கத்தான் தாங்காது.

ஆபீசுக்குப் போனால் குமாஸ்தா, “சார் கோர்ட்ல இருக்காரு” என்பார். கோர்ட்டில் கேட்டால், “இப்பத்தான் ஆபீசுக்குப் போனாரு”. கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் ஒரே ஒரு கடைதான் இருக்கிறது. அது என்ன கடை என்று நான் சொல்லப்போவதில்லை.

விசாரணை நடக்கும்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தில் 2002 முதல் இருக்கிறது. கட்டுப்படுத்த முடியாத காரணம் இருந்தால் மீறலாம் என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் தளர்த்தியது. எங்கள் சாருக்கு எல்லாமே கட்டுப்படுத்த முடியாத காரணம்தான். ஒரு மனிதனுக்கு இத்தனை பெரியப்பாவா சாவார்கள்?

போன வருடம் என்ன நடந்தது தெரியுமா? சும்மா இருக்காமல், கேஸ் நிலவரம் பார்க்க ஒவ்வொரு கேஸுக்கும் கொடுக்கிற 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போனில் தட்டிப் பார்த்தேன். ‘டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்’ என்று வந்தது. ஆஜராக ஆள் இல்லையென்று கேஸையே தள்ளுபடி செய்திருக்கிறார்கள். திரும்ப எடுக்க மனுப் போட 30 நாள்தான் கெடு. நான் பார்த்தது இருபத்தாறாம் நாள்! வக்கீல் செய்த தவறுக்குக் கட்சிக்காரனைத் தண்டிக்கக் கூடாது என்று 1981-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அதைத் தேடி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். அதற்குத் தனியாகப் பீஸ் வாங்கினார்.

“வக்கீலை மாத்து” என்று ஊரே சொல்கிறது. மாற்றலாம், கேஸ் கட்டு அவரிடம் அல்லவா இருக்கிறது! பாக்கிப் பீசுக்காகக் கட்சிக்காரனின் காகிதங்களைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-த்திலேயே தீர்ப்பு வந்தாயிற்று. குமாஸ்தாவிடம் இதைச் சொன்னேன். “தம்பி சட்டம் படிச்சிருக்கீங்களோ?” என்று சிரித்தார். பார்த்துப் பேசிய இன்னொரு வக்கீலோ, “அவர் என் சீனியராச்சே, ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்” என்று நழுவிவிட்டார்.

சரி, படத்துக்கு வருவோம். அதில் எனக்குப் பிடித்த ஆள் ஒருவர் உண்டு, அந்தப் பெண்ணின் அக்கா புருஷன். எதிர்த்தரப்பு 2,10,000 டாலர் தருகிறோம் என்கிறது. கட்சிக்காரரை ஒரு வார்த்தை கேட்காமல் வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறார். விஷயம் தெரிந்ததும் இந்த மனிதர் கோர்ட் வராந்தாவிலேயே அவர்மேல் பாய்கிறார். நீங்கள் சொதப்பிவிட்டுப் போய்விடுவீர்கள், காலம் முழுக்க அனுபவிப்பது நாங்கள் என்று கத்துகிறார். படம் முழுக்க உருப்படியாகப் பேசியவர் அவர்தான், அவருக்கு ரெண்டு நிமிஷம்கூட இல்லை. கேமரா உடனே வக்கீலின் சோகத்துக்குப் பின்னால் ஓடிவிடுகிறது. மச்சானும் கூடவே ஓடுகிறான்: “பாவம்டா, எவ்வளவு அடிபட்டிருக்காரு.”

அடிபடாதவர் யார்? மாமாவுக்கு இடது தோள்பட்டை போய் ரெண்டு வருடம் ஆகிறது. அதற்காக மீன் வாய்தா கொடுக்கிறதா?

கடைசிக் காட்சியில் வக்கீல் தனியாக உட்கார்ந்திருக்கிறார். போன் அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது, அவர் எடுக்கவில்லை. படம் முடிந்துவிட்டது. “என்ன எண்டிங் மாப்ள!” என்றான் மச்சான்.

நாளைக்கு வாய்தா. படகைத் தள்ளலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு மாமா வாசலில் நிற்கிறார், கையில் மஞ்சப்பை. நான் அஞ்சாவது தடவையாகச் சாருக்குப் போன் அடித்துக்கொண்டிருக்கிறேன். காலர் ட்யூனில் முருகன் பாட்டு ஓடுகிறது.