ஆள் மாறியதுதான் குற்றமா?

நம் ரசிகர் குழுவில் சுற்றிய அந்த மீமைப் பற்றித்தான் எழுதுகிறேன். எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'டெத்' என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழுவின் ஏழு ஆல்பங்களையும் வரிசையாக வைத்து, அதைத் தொடங்கி, பாடி, கிட்டார் வாசித்த சக் ஷுல்டினரை, ஒவ்வொன்றுக்கும் ஆளைத் துரத்திய "முதலாளி" என்று போட்டிருந்தார்கள். அதுவும் டிசம்பர் 13 அன்று. அவர் இறந்த நாளில்.

ஆல்பத்துக்கு ஆல்பம் ஆள் மாறியது உண்மை. அதை யார் மறைத்தார்கள்? அப்படி மாறியதால்தான் அந்த இசை வளர்ந்தது என்கிறேன். 1987-இல் வந்த முதல் ஆல்பம் 'ஸ்க்ரீம் ப்ளடி கோர்' கேளுங்கள், அப்புறம் 1991-இன் 'ஹியூமன்' கேளுங்கள். நடுவில் நான்கே வருடம். முதலாவது, இருபது வயதுகூட நிரம்பாத பையன் ரத்தமும் பிணமுமாகப் பாய்ந்தது. அடுத்ததில் ஷான் ரெய்னர்ட்டின் டிரம்ஸில் ஜாஸ் கேட்கிறது, பால் மாஸ்விடலின் கிட்டார் வேறு உலகத்திலிருந்து வருகிறது. பழைய ஆட்களோடு அந்த ஆல்பம் வந்திருக்காது. 1993-இல் ஜீன் ஹோக்லன் டிரம்ஸுக்கு வந்தார், ஸ்டீவ் டிஜியோர்ஜியோ ஃப்ரெட்லெஸ் பேஸ் (கழுத்தில் ஃப்ரெட் கம்பிகள் இல்லாத பேஸ் கிட்டார்) எடுத்தார். இசை மறுபடியும் திரும்பியது. ஆள் மாறினார்கள், இசை வளர்ந்தது. இதில் எங்கே குற்றம்?

"எல்லோரையும் துரத்தினாரே" என்பீர்கள். முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த கிறிஸ் ரீஃபர்ட்டை யாரும் துரத்தவில்லை. சக் ஃப்ளோரிடாவுக்குத் திரும்பினார், ரீஃபர்ட் கலிஃபோர்னியாவிலேயே தங்கி ஆட்டாப்ஸி என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். மாஸ்விடலுக்கும் ரெய்னர்ட்டுக்கும் டெத்துக்கு வருவதற்கு முன்பே சினிக் என்ற சொந்தக் குழு இருந்தது, அங்கேயே திரும்பிப் போனார்கள். மீம் செய்த நேரத்தில் இதைத் தேடிப் படித்திருக்கலாம்.

என்னையும் ஒரு இசைக்குழுவிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். கல்லூரிக் காலம், பேஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒத்திகைக்குப் போனால் என் இடத்தில் இன்னொருவன் நிற்கிறான். முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரொம்ப நாள் பேஸைக் கையில் எடுக்கவே மனசு வரவில்லை. நீக்கப்பட்டவனின் வலி தெரியாமல் பேசுகிறேன் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அந்த வலியோடுதான் சக் பக்கம் நிற்கிறேன். தான் நினைத்த இசையை வாசிக்கக் கூடியவர்களைத் தேடி அவர் போனார், அவ்வளவுதான்.

1990 ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், தெரியும். கடைசி நேரத்தில் சக் விலகினார், ரசிகர்களுக்கு ஏமாற்றம், சரி. ஆனால் அவருடைய பாட்டுகளை, அவர் இல்லாமல், டெத் என்ற பெயரிலேயே போய் வாசித்துவிட்டு வந்தார்களே குழுவின் மற்றவர்கள், அவர்களைப் பற்றி ஏன் ஒரு மீம்கூட இல்லை?

இரண்டாவது ஆல்பமான 'லெப்ரசி'யோடு டெத் முடிந்துவிட்டது என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இறந்தவரை விமர்சிக்கவே கூடாதா? தாராளமாகச் செய்யுங்கள். மூன்றாவது ஆல்பம் 'ஸ்பிரிச்சுவல் ஹீலிங்' பாதிதான் தேறும் என்று நானே இங்கே எழுதியிருக்கிறேன். அது இசையைப் பற்றிய பேச்சு. நீங்கள் செய்தது அந்த மனிதரையே கேவலப்படுத்துவது. 1999 மே மாதம் சக்குக்கு மூளைத்தண்டில் கட்டி என்று தெரியவந்தது. சிகிச்சைச் செலவுக்கு ரசிகர்களும் மற்ற இசைக்குழுக்களும் பணம் திரட்ட வேண்டியிருந்தது. இதுவா முதலாளி வாழ்க்கை? 2001-இல் போய்விட்டார், வயது 34. அவருடைய இன்னொரு குழுவான கண்ட்ரோல் டினைட்டின் இரண்டாவது ஆல்பத்துக்கான வேலை பாதியில் நின்றுபோனது.

2012 முதல் 'டெத் டு ஆல்' என்ற பெயரில் அவர் பாட்டுகளை மேடையேற்றுகிறவர்கள் யார்? மாஸ்விடல், ரெய்னர்ட், டிஜியோர்ஜியோ, ஹோக்லன் எல்லோரும் அதில் வாசித்திருக்கிறார்கள். துரத்தப்பட்டவர்கள் என்று நீங்கள் சொல்லும் அதே ஆட்கள். அவர்களுக்கு இல்லாத கோபம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

சிரிப்பு எமோஜி போட்டவர்களில் சிலர், முன்பு என்னிடம் டெத்தின் 'சிம்பாலிக்' ஆல்பத்தைக் கேட்டு வாங்கி, ராத்திரி முழுக்கக் கேட்டேன் என்று மெசேஜ் அனுப்பியவர்கள். யாரோ தெரியாதவர்கள் சிரித்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.