பிழை விட்டால் ஊழியர், கடிதம் கேட்டால் தொண்டர்

இதைப் பற்றி எழுதுவதில்லை என்று மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நேற்றிரவு அந்தப் பதிவின் கீழே இருந்த கொமென்ற் எல்லாவற்றையும் இருந்து வாசித்து முடிக்க மணி ஒன்றரை. அதற்குப் பிறகு நித்திரை வரவில்லை.

எந்தப் பதிவு என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் பெயரை நான் போடமாட்டேன், நிலையத்தின் பெயரையும் போடமாட்டேன். போட்டுக் கிழித்தது காணும். எட்டு மாதம் ஒரு "சமூகத் தொலைக்காட்சி"யில் தொண்டராக நின்ற பிள்ளை, வேறொரு இடத்தில் வேலைக்குப் போட ஒரு அனுபவக் கடிதம் கேட்டிருக்கிறாள். கூடவே கடைசி இரண்டு மாதத்து பஸ் காசும். அதற்குப் பொறுப்பில் இருக்கும் ஐயா கடிதம் எழுதவில்லை, முகநூலில் கட்டுரை எழுதியிருக்கிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மை செத்துப்போச்சாம், எல்லாத்துக்கும் காசாம், கடிதமாம். அந்தக் கட்டுரை எழுதின நேரத்தில் மூன்று கடிதம் எழுதியிருக்கலாம் ஐயா.

ஒரு கடிதம். அவ்வளவுதான் விஷயம். இன்ன திகதியில் இருந்து இன்ன திகதி வரை இன்னார் இங்கே இந்த வேலைகளைச் செய்தார் என்று ஆறு வரி, கீழே கையொப்பம், ஒரு சீல். சும்மா வேலை செய்ய வாருங்கோ, சம்பளம் இல்லை, ஆனால் அனுபவம் கிடைக்கும் என்று கூப்பிட்டது நீங்கள்தானே? அந்த அனுபவத்தை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னால் மட்டும் ஏன் பேராசை ஆகிறது?

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், நானும் அந்தக் கதிரையில் இருந்தவள். நான் நின்ற இடம் வேறு, ஆகவே உள்பெட்டிக்கு வந்து எது எது என்று நோண்டாதேயுங்கோ.

2022 ஆம் ஆண்டு. ஊடக டிப்ளோமா முடித்துவிட்டு வேலை தேடினால், எல்லா விளம்பரத்திலும் இரண்டு வருட அனுபவம் வேண்டும் என்று போட்டிருக்கும். அனுபவம் எடுக்க வேலை வேண்டும், வேலை எடுக்க அனுபவம் வேண்டும். அப்போதுதான் ஒரு அண்ணை சொன்னார், இங்கே தொண்டராக வாரும், உமக்கு எல்லாம் பழக்கிவிடுகிறோம் என்று. நெல்லியடியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு 750 ஆம் இலக்க பஸ். அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று சொல்லத் தேவையில்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, பெற்றோலுக்கு வரிசை, பஸ் கட்டணம் எத்தனை தரம் ஏறியது என்று கணக்கே விட்டுப்போச்சு. அம்மா தையல். நான் ஒரு நாள் போய்வரும் செலவு அவவுக்கு ஒரு பிளவுஸ். காலையில் வெளிக்கிடும்போது அவ ஒன்றும் சொல்லமாட்டா. பேர்சைத் திறந்து தருவா. அதுதான் எனக்குக் கூடக் கஷ்டம்.

பழகினது பொய் இல்லை. அதை நான் எங்கேயும் சொல்லுவேன். கேபிளை எப்படி ஒரு தரம் மேலால், ஒரு தரம் கீழால் மடித்துச் சுற்றினால் முறுக்கு விழாது என்பது முதல், சத்தம் சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்ப்பது வரை எல்லாம் அங்கேதான். கோயில் வீதியில் வெள்ளைத் தாள் கையில் இல்லாத ஒரு நாள், பக்கத்தில் நின்ற ஐயா ஒருவரின் வேட்டியைக் காட்டி வைற் பலன்ஸ் (கமராவுக்கு எது வெள்ளை என்று காட்டி நிறத்தைச் சரிசெய்வது) எடுக்கச் சொல்லித் தந்த கமரா அண்ணையை இன்றைக்கும் நினைப்பேன். (அவருக்கும் அங்கே ஒழுங்கான சம்பளம் இல்லை, அது வேறு கதை.) நல்லூர்த் தேர் அன்று விடிய மூன்றரைக்கு ஸ்ரான்டைத் தூக்கிக்கொண்டு வீதியில் நின்றிருக்கிறேன். நல்லூருக்கு இருபத்தைந்து நாள், தேர் இருபத்துநான்காம் நாள், அந்த நேரம் எல்லாம் கால் என்னுடைய கால் இல்லை. கிடைத்தது இரண்டு வடையும் ஒரு பிளேன்ரீயும். சந்தோசமாகத்தான் நின்றேன். அப்போது யாரும் என்னிடம் சேவை மனப்பான்மை இருக்கிறதா என்று கேட்கவில்லை.

இப்போது மரண அறிவித்தல் கதைக்கு வருகிறேன், இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்லவருவது விளங்காது.

எங்கட ஊர் ரீவிகளுக்குச் சோறு போடுவது செய்தி இல்லை. மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள், பிறந்தநாள் வாழ்த்து, நகைக்கடை விளம்பரம், பிறகு திருவிழா நேரலை. நேரலைக்கு உபயகாரர் லண்டனிலும் சூரிச்சிலும் இருந்து காசு கட்டுவார். ஆக "சமூகத்" தொலைக்காட்சிக்குப் பவுணிலும் பிராங்கிலும் காசு வரும், தொண்டருக்கு வடை வரும். சரி, அது இருக்கட்டும். நான் மூன்றாம் மாதத்தில் இருந்து மரண அறிவித்தல் தட்டச்சு. ஒரு நாள் பின்னேரம், கரண்ட் போக இன்னும் பத்து நிமிடம் என்ற அவசரத்தில், "காலஞ்சென்றவர்களான" என்று தொடங்கி இரண்டு பெயர் போட்டு, அடுத்த பெயருக்கு முன்னால் வரவேண்டிய "மற்றும்" என்ற சொல்லை விட்டுவிட்டேன். ஒரு "மற்றும்". அவ்வளவுதான். ரொறன்ரோவில் இருந்த இளைய சகோதரர் உயிரோடு காலஞ்சென்றவர் ஆகிவிட்டார். அன்றிரவு அவரே கோல் எடுத்தார், "பிள்ளை, நான் இன்னும் இருக்கிறன்" என்றார். அந்த மனுசன் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், தமையனைப் பறிகொடுத்த அன்றும் சிரித்தார், எனக்குத்தான் அழுகை.

அடுத்த நாள் பொறுப்பானவர் அந்தக் குடும்பத்துக்கு என் முன்னாலேயே என்ன சொன்னார் தெரியுமா? "எங்கட ஸ்ராஃப் ஒராள் விட்ட பிழை, நாங்கள் நடவடிக்கை எடுக்கிறோம்."

பாருங்கோ. அன்றைக்கு நான் ஸ்ராஃப். ஒரு வருடம் முடிந்து நான் கடிதம் கேட்ட அன்று, "பிள்ளை, நீர் ஸ்ராஃப் இல்லையே, நாங்கள் எப்படிக் கடிதம் தாறது? நீர் தொண்டர்தானே" என்றார். அதே வாய். பிழை விட்டால் ஊழியர், கடிதம் கேட்டால் தொண்டர். இந்தப் பிள்ளைக்கு நடந்திருப்பதும் இதுதான், ஒரு எழுத்து மாறாமல்.

இனி கொமென்ற்காரருக்கு வருவோம்.

மெல்போர்னில் இருந்து ஒரு அண்ணா, இங்கே சமூகத் தொலைக்காட்சியில் எல்லோரும் சும்மாதான் வேலை செய்கிறார்கள், யாரும் உப்பிடிக் கத்துவதில்லை என்று எழுதியிருக்கிறார். உண்மை. அங்கே சனல் 31 என்று ஒன்று 1994 இல் இருந்து இருக்கிறது, பெரும்பாலும் தொண்டர்கள்தான் நடத்துகிறார்கள், ரோவ் மக்மானஸ், ஹேமிஷ் பிளேக், ஆண்டி லீ என்று பிறகு பெரிய ஆட்களாக வந்தவர்கள் முதலில் அங்கேதான் கமராவுக்கு முன்னால் நின்றார்கள். ஆனால் அண்ணா, மிச்சத்தையும் சொல்லுங்கோவன். அங்கே சமூக அனுமதிப்பத்திரம் எடுத்தவர் லாபத்துக்கு நடத்த முடியாது, சட்டம் விடாது. அங்கே தொண்டர் செய்வது தன்னுடைய நிகழ்ச்சி, கடைசியில் தன்னுடைய பெயர் ஓடும். அதனால்தான் அவர்களுக்கு அது அனுபவம். பெயரே ஓடாத இடத்தில் அவர்களை யார் கண்டுபிடித்திருப்பார்கள்? இங்கே இருப்பது தனியார் கடை, வாசலில் "சமூக" என்று பெயர்ப்பலகை. இரண்டையும் ஒரு தராசில் போடாதேயுங்கோ.

இன்னொருவர், அப்பர் சுவாமிகள் உழவாரம் பிடித்தது காசுக்கா என்று கேட்டிருக்கிறார். அதற்கு நூற்றைம்பது லைக். அப்பர் சுவாமிகள் புல்லுச் செருக்கியது கோயில் வீதியில், ஒருவருடைய கடை முற்றத்தில் இல்லை. அவருக்கு 750 பஸ்சும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கட ஊரில் சிரமதானம் என்றால் எல்லோருக்கும் தெரியும், தலைவரும் மண்வெட்டி பிடிப்பார், வெட்டின வாய்க்காலை அடுத்த நாள் யாரும் விற்கமாட்டார்கள். அதற்குப் பெயர் தொண்டு.

நிலையங்களுக்கும் வருமானம் குறைவு, விளம்பரம் எல்லாம் யூரியூப்புக்குப் போய்விட்டது என்று இரண்டு பேர் மரியாதையாக எழுதியிருந்தார்கள். இருக்கலாம். ஆனால் கடிதத்துக்கு எவ்வளவு செலவு? தாள் ஒன்று.

பிறகு பெரிசுகள். சண்டைக் காலத்தில் நாங்கள் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட சனம், கொப்பித் தாளில் பேப்பர் அச்சடித்த ஊர், அந்த நேரம் யார் கடிதம் கேட்டது என்று. ஐயாமாரே, எனக்கு அந்தக் காலத்தின் மேல் மரியாதை இருக்கிறது, அப்பா அந்தக் கதைகளைச் சொல்லித்தான் என்னை வளர்த்தார். ஆனால் அந்தக் கஷ்டம் எல்லோருக்கும் ஒரே கஷ்டம். இப்போது ஒருவர் ஏசி அறைக்குள் இருந்துகொண்டு மற்றவருக்குக் கஷ்டத்தின் பெருமையைப் படிப்பிக்கிறார். அதோடு, அந்தக் காலத்தில் சம்பளம் இல்லாமல் படிப்பித்த தொண்டர் ஆசிரியர்கள் பிறகு நியமனம் கேட்டு எத்தனை வருடம் கந்தோர் வாசல்களில் நின்றார்கள் என்று ஞாபகம் இல்லையா? சுகாதாரத் தொண்டர்கள்? வேலை செய்யும்போது தெய்வம், எழுத்தில் கேட்டால் ஆள் யாரென்றே தெரியாது. இது எங்கட ஊருக்குப் புதிது இல்லை.

சரி, காசைப் பற்றியும் கதைப்போம், நான் அதைக் கதைக்கக்கூடாது என்றுதான் தொடங்கினேன். 2016 இல் இந்த நாட்டில் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தது, அப்போது மாதம் 10,000 ரூபா, 2025 ஏப்ரலில் அது 27,000 ஆனது. ஊழியர் என்றால் அதற்கு மேல் முதலாளி 12 வீதம் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும், 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதி. காலை எட்டரைக்கு வந்து கையொப்பம் வைத்து, ஆறு மணிக்குப் போய், லீவுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய ஒரு ஆளைத் "தொண்டர்" என்று கூப்பிட்டால் இதெல்லாம் மிச்சம். ஒரு சொல்லுக்கு எவ்வளவு லாபம்! இவ்வளவையும் விட்டுவிட்டுத்தான் அந்தப் பிள்ளை பஸ் காசும் கடிதமும் மட்டும் கேட்டிருக்கிறாள். அவளைத்தான் நீங்கள் காசு காசு என்கிறீர்கள்.

அந்தக் கடிதம் வெறும் பெருமைக்கும் இல்லை. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழைப் பாடநெறி படிக்காமலே, செய்த வேலையைக் காட்டி, மதிப்பீட்டுக்குப் போய் எடுக்க வழி இருக்கிறது. செய்ததற்கு எழுத்தில் ஆதாரம் கேட்பார்கள். அது இல்லாவிட்டால் எட்டு மாதம் அவள் வீட்டில் நித்திரை கொண்டதும் ஒன்று, இவர்களுக்கு நிகழ்ச்சி எடிற் பண்ணினதும் ஒன்று. லண்டன் காசு வருகிற வீட்டுப் பிள்ளை இன்னும் இரண்டு வருடம் சும்மா நின்று பழகலாம். மற்றப் பிள்ளைகள்?

ஒருவர் எழுதியிருக்கிறார், பொம்பிளைப் பிள்ளையை நம்பி கமராவைக் கையில் தந்ததே பெரிசு, நன்றி வேண்டாமோ என்று. அவருக்குப் பதில் எழுதி எழுதி அழித்தேன். என்னையும் முதல் ஒரு மாதம் கமரா பாரம் பிள்ளை, நீர் தேத்தண்ணியைப் பாரும் என்றுதான் வைத்திருந்தார்கள். அவ்வளவு பாரத்தையும் தேர் அன்று விடிய மூன்றரைக்கு நான்தானே தூக்கினேன், அப்போது எங்கே போனீர்கள்?

இன்னொன்று. இதை நான் வீட்டில் கூடக் கதைத்ததில்லை. பனையோலை வேலை செய்யும் அம்மாக்களைப் பற்றி இருபது நிமிட நிகழ்ச்சி ஒன்று, நானே போய் எடுத்து, நானே எடிற் பண்ணினது. ஒளிபரப்பான அன்று என் அம்மா பக்கத்து வீட்டு மாமியையும் மற்ற வீட்டு அக்காவையும் கூப்பிட்டு வைத்திருந்தா. கடைசியில் பெயர்கள் ஓடின. பொறுப்பானவர் பெயர், அவருடைய மகனின் பெயர் (அவர் ஒரு நாள் வந்து சென்ற் வாசத்தோடு பார்த்துவிட்டுப் போனவர்), நகைக்கடைக்காரர் பெயர். பிறகு "தொண்டர்களுக்கு நன்றி". அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கெதியா ஓடிட்டுது பிள்ளை, எனக்குச் சரியா வாசிக்கேலாமல் போச்சு என்றா. ஓம் அம்மா, கெதியா ஓடிட்டுது என்றேன். பக்கத்து வீட்டு மாமி ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கலியாண வீடியோ எடிற் பண்ணி நல்லாத்தான் இருக்கிறேன், யாருடைய கடிதமும் எனக்கு இனித் தேவையில்லை. நீ வந்திட்டாய்தானே, பிறகேன் பழசைக் கிளறுகிறாய் என்று ஒரு தோழி நேற்றுக் கேட்டாள். வந்திட்டேன், ஓம். மூன்று வருடம் பிந்தி வந்தேன்.

ஐயா, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும், உங்கள் ஆட்கள் ஸ்கிரீன்ஷொட் அனுப்புவார்கள். உங்களுக்கு வேலைப்பளு கூட என்றபடியால் கடிதத்தை நானே தட்டி முதலாவது கொமென்ற்றில் போட்டிருக்கிறேன். ஆறு வரி. பெயரையும் திகதியையும் நிரப்பி, கையொப்பம் வைத்து, சீலைக் குத்திவிட்டால் காணும். இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டேன், "மற்றும்" எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறது.