அருங்காட்சியகம் வைப்பதென்றால் இரண்டாங்கட்டில் வையுங்கள்

செட்டிநாட்டு வீடு பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் முகப்போடு திரும்பிவிடுகிறார்கள். பர்மா தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடி டைல்ஸ், நாலு படம். அப்புறம் சாப்பாட்டுக்கு எந்த மெஸ் என்ற கேள்வி. அவர்களைக் குறை சொல்ல முடியாது, பல வீடுகளில் அதற்கு மேல் திறந்துவிடுவதே இல்லை.

இங்கே ஊருக்கு ஒரு சின்ன அருங்காட்சியகம் வேண்டும் என்று பேச்சு வரும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான். கண்ணாடி அலமாரி வேண்டாம். ஏதாவது ஒரு வீட்டின் வளவையும் (முகப்பைத் தாண்டிய முதல் முற்றப் பகுதி), அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டையும், அடுப்படியையும் அப்படியே திறந்து வையுங்கள். சாமான் புழங்கிய இடத்திலேயே இருக்கட்டும்.

வளவில் முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் தனி அறை. மருமகள் கொண்டுவந்த சீர்ச் சாமான் அதற்குள்தான்: வெண்கலப் பானை, பித்தளை அடுக்கு, மங்குச் சாமான், பனையோலைக் கொட்டான். பாத்திரத்தின் விளிம்பை உற்றுப் பாருங்கள், உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய இரண்டு மூன்று எழுத்து இருக்கும். அதுதான் குடும்பத்தின் விலாசம், பெயருக்கு முன்னால் போடும் எழுத்துகள். விசேஷ வீட்டில் பங்காளிகள் பாத்திரமெல்லாம் கலந்துபோனாலும் எழுத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம். அதே பானை காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போனால் வெறும் பழைய வெண்கலம். யார் வீடு, எந்தக் கல்யாணம், எதுவும் கிடையாது.

சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே பிரித்துக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். இடிபட இருந்ததைக் காப்பாற்றியது பெரிய காரியம். ஆனால் ஊருணியும் நகரத்தாரின் நகரக் கோயிலும் கூடப் போகவில்லையே! கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களும் அப்படித்தான். அவர் 1992இல் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையில் நூலகமாக்கியது. நல்லவேளை, இல்லாவிட்டால் பொட்டலம் மடிக்கப் போயிருக்கும்.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டின் பெயர் ஏறியது. சரி, ஏறட்டும். ஓடு நாலு விலகினால் மழைத்தண்ணீர் தேக்கு உத்திரத்தில்தான் இறங்குகிறது, அதைப் பிரித்து மேய யார் காசு கொடுப்பது? பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஒருவர் கையெழுத்து வராவிட்டால் ஆணிகூட அடிக்க முடியாது.

எல்லோரும் சேர்ந்து ஒரு வீட்டையாவது அறக்கட்டளையாக எழுதி வைக்கலாம். வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கே சம்பளம் போட்டு, சுற்றிக் காட்டச் சொல்லலாம். எந்த அண்டா எதற்கு என்று அவருக்குத்தான் தெரியும். அனுமதிச் சீட்டு ஐம்பது ரூபாய் வையுங்கள். அதில் கூரை ஓட்டுக்குப் போனது எவ்வளவு என்று மாதாமாதம் திண்ணையிலேயே எழுதிப் போடுங்கள். ஐந்தொகைக் கணக்கு எழுதிய ஊருக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.