டிஎஸ்எச் நார்மல் என்றால் மிச்சச் சோர்வு கற்பனையா?

ஹாஷிமோட்டோ தைராய்டுக்கு (உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய்) மாத்திரை எடுத்து, டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், ரத்தப் பரிசோதனையில் பார்ப்பது) நார்மலுக்கு வந்துவிட்டால், அதன் பிறகும் இருக்கும் சோர்வும் மறதியும் வெறும் கற்பனை அல்லது சோம்பல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியல்ல.

டிஎஸ்எச் நார்மல் என்றால் மாத்திரையின் அளவு போதும் என்று பொருள். மறதி, கவனம் சிதறுவது, கொஞ்சம் யோசித்தாலே களைத்துப்போவது எல்லாம் தீர்ந்துவிட்டதா என்று அந்த எண் சொல்லாது. ஐரோப்பிய தைராய்டு சங்கத்தின் (European Thyroid Association) 2012 வழிகாட்டுதலே, லீவோதைராக்ஸின் என்ற அந்தத் தைராய்டு மாத்திரையை எடுத்து டிஎஸ்எச் சரியாக இருப்பவர்களிலும் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் தொடர்வதாகச் சொல்கிறது. நூற்றில் ஐந்து பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கையா?

நீங்களே பார்க்கலாம். சங்கத்தின் ஆங்கிலப் பெயரோடு 2012, டி4, டி3 (T4, T3, தைராய்டு ஹார்மோன்களின் பெயர்கள்) என்று போட்டு, மருத்துவ ஆய்வுகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் (PubMed) தேடுங்கள். சுருக்கத்தின் முதல் வரிகளிலேயே இந்த எண் இருக்கும். நார்வேயில் நடந்து 2019இல் வெளியான, தைராய்டு சுரப்பியை நீக்கும் அறுவை சிகிச்சை பற்றிய ஆய்வில் சேர்ந்த 150 பேரும் இப்படிப்பட்டவர்கள்தான்: ஹார்மோன் அளவு சரி, தொல்லை மட்டும் போகவில்லை. (அதைப் படித்துவிட்டு யாரும் ஆபரேஷனுக்கு ஓட வேண்டாம், அதில் சிக்கல்களும் குறைவில்லை.)

சோர்வுக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதுவும் உண்மை. பி12, இரும்புச்சத்துக் குறைவு, தூக்கப் பிரச்சினை என்று டாக்டர் பார்ப்பார். கற்பனை என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிட்டால் அந்தச் சோதனைகளே நடக்காது.