கோடு விலகியிருந்தது

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் அக்கா வீட்டில் சாப்பாடு. மருமகன் மெல்லப் பேச்சை எடுத்தான். கல்லூரி நண்பர்களோடு சுற்றுலா போகிற இடத்தில் மைக்ரோலைட் என்கிற, ஓரிருவர் மட்டுமே ஏறக்கூடிய மிக லேசான விமானத்தில் கால் மணி நேரம் பறக்கலாமாம், ஏறட்டுமா என்று கேட்டான். அத்தான் இலையிலிருந்து நிமிராமலே, "விதி முடிந்தால் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் உயிர் போகும். ஏறிவிட்டு வா" என்றார். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

அத்தான்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தச் சொல்மேல்தான் கோபம். ஒரு விமானம் வானத்திலேயே முறிந்து விழுந்து ஆள் இறந்தால், அதை விதி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

ஸோடியாக் 601 எக்ஸ்எல் என்று ஒரு சிறிய விமானம். ஐரோப்பாவில் சில நாடுகளில் மைக்ரோலைட்டாகவே பதிவாகிப் பறந்தது. 2006 முதல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமாக ஒன்றன்பின் ஒன்றாக வானில் உடைந்தது. பத்துப் பேர் இறந்த பிறகு, 2009 ஏப்ரலில், அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த விமானத்தைப் பறக்கவிடாதீர்கள் என்று அவசரமாக எழுதியது. வால் சரியில்லாத பட்டம் காற்றில் சடசடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடலும் குறிப்பிட்ட வேகத்தில் அப்படி அடித்துக்கொள்ளத் தொடங்கும். காற்றே அந்த அதிர்வுக்குத் தீனி போடும். சில நொடிகளில் இறக்கை முறிந்துவிடும். மடலுக்குச் சமன் எடை வைத்தால் அதைத் தடுக்கலாம் என்று வாரியம் சொன்னது. மடலை அசைக்கும் கம்பியை முறையாக இழுத்துக் கட்டினாலே போதும் என்று வடிவமைத்தவர்கள் சொன்னார்கள். அமெரிக்காவில் தடை உடனே வரவில்லை. அந்த நவம்பரில் ஆர்கன்சா மாநிலத்தில் இன்னொன்று உடைந்து விழுந்தது. அதன் பிறகுதான் இறக்கையை வலுப்படுத்தி, சமன் எடையும் வைத்தார்கள்.

ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் நடுவில் இருந்த அந்த ஏழு மாதங்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த மாதங்களில் மற்ற ஸோடியாக்குகள் நன்றாகத்தான் பறந்துகொண்டிருந்தன. ஏறியவர்கள் இறங்கினார்கள். "ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்ல அது போதுமானதாக இருந்திருக்கும்.

அந்த வார்த்தையை நான் நேரில் கேட்டவன். கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் போல்ட் முடுக்குவது என் தொழில். முடுக்கி முடித்ததும் நட்டுக்கும் அடியில் உள்ள தகட்டுக்கும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவைப்போம். கோடு விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். விமானத்திலும் இதே கோடு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில், ஒரு காற்றாலை இறக்கையின் அடிப்பகுதியில் இரண்டு கோடுகள் விலகியிருந்ததைப் பார்த்தேன். கீழே வந்து, இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்றேன். காற்று வீசுகிற மாதத்தில் நிறுத்தினால் எவ்வளவு நட்டம் தெரியுமா என்று கேட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். ஒன்பது நாள் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதாலேயே, நான் வீணாகப் பயந்தேன் என்று முடிவாகிவிட்டது. ஒரு போல்ட் தளர்ந்தால் அதன் சுமை பக்கத்துப் போல்ட்டுக்குப் போகும். அந்த ஒன்பது நாளின் ஒவ்வொரு சுழற்சியும் அதன் உடம்பில் ஏறியிருக்கும். அந்த மௌனத்துக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் ஒரு பயணி விமானத்தில் ஏறும்போது கதவருகே விரிசலைப் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. 24,000 அடி உயரத்தில் கூரை பிய்ந்துபோனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். அந்தப் பயணியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துணி இறக்கை கொண்ட மைக்ரோலைட்டில் விரிசல்கூடக் கண்ணுக்குத் தெரியாது. மொட்டைமாடியில் விரித்த தார்ப்பாய் இரண்டு கோடை தாங்குமா? நிறம் இருக்கும், கையால் இழுத்தால் பொடிப்பொடியாக உதிரும். பாலியெஸ்டர் துணியையும் வெயில் அப்படித்தான் தின்கிறது. ஊசியைத் துணியில் செருகிக் குறிப்பிட்ட விசையில் இழுத்துப் பார்க்க ஒரு சிறு கருவி இருக்கிறது. அதைச் செய்ய ஓர் ஆளும் கொஞ்ச நேரமும் வேண்டும், அவ்வளவுதான். 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடம் அறுந்தது. வேறு வடம் கட்டி இழுத்தார்கள், தேர் நிலைக்கு வந்தது. ஆயிரம் அடி உயரத்தில் எந்த வடத்தைக் கட்டுவது?

ஏறாதே என்று மருமகனிடம் நான் சொல்லவில்லை. முறையாகப் பராமரித்த மைக்ரோலைட்டில் பறப்பது அழகான அனுபவம் என்று நம்புகிறேன். ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன்: இந்த இறக்கைத் துணி எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது? கடைசியாக யார், எந்தத் தேதியில் சோதித்தார்கள்? இரவில் வண்டி கூரைக்கு அடியில் நிற்கிறதா, வெட்டவெளியிலா? பதிவேட்டைக் காட்டுவீர்களா? கேட்டதும் முகம் சுளித்தால் பணத்தைத் திருப்பிக் கேட்காமலே இறங்கி வந்துவிடு என்றேன்.

"கேட்டால் நண்பர்கள் சிரிப்பார்கள், மாமா" என்றான். சிரிக்கட்டும் என்றேன். நேற்று அக்கா போனில் பேசினாள். அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறானாம்.