சாவியில் கை வைக்காதீர்கள்

வாகனச் சோதனையில் காவலர், வாகன ஓட்டி என இரு தரப்புக்கும் மரியாதை வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு உடனே 2018 மார்ச்தான் நினைவுக்கு வந்தது. திருச்சி துவாக்குடி அருகே ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன பைக்கைத் துரத்தி உதைத்ததாகக் காவல் ஆய்வாளர் ஒருவர் கைதானார். பின்னால் அமர்ந்திருந்த பெண் இறந்தேபோனார். பைக் ஓட்டியவரின் தவறு அபராதத்தோடு முடிய வேண்டியது!

எல்லோரும் அப்படி இல்லை. போன மாதம் உச்சிவெயிலில் ஒரு காவலர் என்னை நிறுத்தினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சாவியைப் பிடுங்கவில்லை, "ஓரமாக நிறுத்துங்கள் ஐயா" என்றார். இன்ஜினை அணைத்து, ஆவணங்களைக் கைபேசியில் வைத்துக் காட்ட உதவும் அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன். இரண்டே நிமிடம். அடுத்து வந்த இளைஞரோ இறங்காமலேயே, "என் மாமா யார் தெரியுமா?" என்று கத்தினார். அந்தக் காவலரின் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை.